கண்ணாடி பவர் பார்த்தால் கண்ணைப் பார்த்ததாக ஆகாது

என் அப்பா திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை இடவலம் மாறிய நிலையிலேயே படித்து, கட்டத்திலிருந்து விரல் நுனியால் பொறுக்கிக் கோர்க்கிற வேலை. 32 வருடம் அப்படி உழைத்த கண். அச்சகம் மூடி வீட்டோடு இருந்த காலத்தில், நான்கு வருடத்துக்குள் மூன்று கண்ணாடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் பார்த்து, பவர் எழுதி, ஃபிரேம் எடுத்துக் கொடுத்தார்கள். பேப்பர் எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் காபி டம்ளரை மேசை விளிம்புக்கு வெளியே வைப்பார். வாசல்படியில் கால் தடுமாறும். கேட்டால், "வயசாயிடுச்சும்மா" என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

65 வயதில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது இரண்டு கண்ணிலும் க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், முற்றியிருந்தது. நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிந்தது, சுற்றிலும் இருப்பது போய்விட்டது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றத்தான் முடியும். அந்த நான்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் முழுக் கண் பரிசோதனை செய்திருந்தால் மிச்சம் இன்னும் நிறைய இருந்திருக்கும்.

அன்று டாக்டர் என்னையும் தம்பியையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் வரணும்" என்றார். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனக்கு இப்போது 51 வயது. புரசைவாக்கத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பதினொரு வருடமாகப் போய்வருகிறேன். துணி கொடுக்க வருகிற அக்காமார்கள், "அங்க என்னதான் பண்ணுவாங்க, வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நடப்பதை நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

யார், எப்போது, எங்கே

தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் 40 வயதில் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். அடுத்தது எப்போது என்று டாக்டர் அதைப் பார்த்துச் சொல்வார். சர்க்கரை நோய் என்று தெரிந்தவர்கள் தெரிந்த உடனே போக வேண்டும், பிறகு வருடம் ஒரு முறை. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய் கண்டுபிடிக்கும் முன்பே சில வருடம் உடம்பில் இருந்திருக்கலாம், அதற்குள் விழித்திரையைத் தொட்டிருக்கலாம். குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் காட்டுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் குழந்தைக்கு அது தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். சோம்பேறிக் கண் என்று சொல்கிற அந்தக் குறையைச் சின்ன வயதில் பிடித்தால்தான் நன்றாகச் சரியாகும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் சங்கர நேத்ராலயா, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரவிந்த், இன்னும் எத்தனையோ. காசு இல்லையே என்று தள்ளிப்போடுபவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பெரியவர்கள் மார்ஷல்ஸ் ரோடு என்று சொல்லும் ருக்மிணி லட்சுமிபதி சாலையில் போனால் வரும். 1819-ல் தொடங்கியது. க்ளாக்கோமாவுக்குக் கண்ணில் சின்ன வட்டத் துளையிட்டு நீரை வடிய விடும் அறுவை சிகிச்சையை 1909 வாக்கில் உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த ராபர்ட் ஹென்றி எலியட் இங்கேதான் வேலை பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த என் அப்பாவுக்கு இந்த நோயின் பெயர்கூடத் தெரியாமல் இருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளம்பும் முன்

அரை நாள் ஒதுக்குங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். டூவீலரில் போகாதீர்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபிறகு ஓட்ட முடியாது. துணைக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது. கண்ணில் மை வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதன் டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பையிலும் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நீளும்.

பழைய கண்ணாடிகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், கால் உடைந்ததையும்கூட. அதன் பவரை அங்கே கருவியில் வைத்து அளந்து, எத்தனை வருடத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் அப்படியே எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ சொட்டு மருந்தோ கண் அழுத்தத்தை ஏற்றலாம். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நாள்பட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்காகக் கொடுக்கும் டாம்சுலோசின், கண்புரை ஆபரேஷனின்போது தொல்லை கொடுக்கும். இதெல்லாம் கண்ணோடு சம்பந்தமில்லாத மாத்திரை என்று நாமாகத் தீர்மானிக்கக் கூடாது.

நான் இன்னொன்றும் செய்வேன். வேலை பார்க்கும் தூரத்தை இன்ச் டேப்பால் அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போவேன். எனக்கு மெஷின் ஊசிக்கும் கண்ணுக்கும் 18 இன்ச். கையால் ஹெம்மிங் செய்யும்போது 13 இன்ச். பவர் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சதும்மா" என்றது. வழக்கமாக 13 முதல் 16 இன்ச் தூரத்துக்குத்தான் படிக்கிற பவர் போடுவார்கள். அந்தக் கண்ணாடியோடு மெஷினில் உட்கார்ந்தால் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும். நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவரானாலும், நகை வேலை செய்பவரானாலும் தூரத்தைச் சொல்லுங்கள்.

எழுத்துப் பலகையும் கண்ணாடி வில்லைகளும்

முதலில் கேள்விகள்: என்ன தொந்தரவு, எந்தக் கண், எப்போதிலிருந்து, தலைவலி உண்டா, வீட்டில் யாருக்காவது கண் நோய் உண்டா. கடைசிக் கேள்விக்கு "எதுவுமில்லை" என்று சட்டென்று சொல்லிவிடாமல் யோசித்துச் சொல்லுங்கள். "பாட்டிக்குக் கடைசி காலத்துல கண்ணு தெரியாம போச்சு" என்பதும் ஒரு பதில்தான்.

அப்புறம் எழுத்துப் பலகை. 6 மீட்டர் தூரம் என்பது கணக்கு. அறை சின்னதாக இருந்தால் எதிரே நிலைக்கண்ணாடி வைத்து அந்தத் தூரத்தைக் கொண்டுவருவார்கள். தமிழ் எழுத்தும் இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு E வடிவத்தின் மூன்று கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டும் பலகையும் இருக்கும். சீட்டில் 6/6 என்று எழுதினால், 6 மீட்டரில் தெரிய வேண்டியது உங்களுக்கு 6 மீட்டரில் தெரிகிறது. 6/60 என்றால், 60 மீட்டரில் தெரிய வேண்டிய பெரிய எழுத்து உங்களுக்கு 6 மீட்டருக்கு வந்தால்தான் தெரிகிறது.

ஒரு கண்ணை மூடச் சொன்னால் உள்ளங்கையால் அழுத்தாமல் குவித்து மூடுங்கள். அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கும், அடுத்து அதைப் பார்க்கும்போது கணக்குத் தப்பும். கண்ணைச் சுருக்காதீர்கள். துளை போட்ட ஒரு கறுப்புத் தகட்டைக் கண்முன் வைப்பார்கள். அதன் வழியே எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகும் குறை. தெளியாவிட்டால் காரணத்தை உள்ளே தேட வேண்டும்.

அடுத்து ஒரு மெஷினில் தாடையை வைத்தால் உள்ளே ஒரு வீடோ பலூனோ தெரியும். அது மங்கித் தெளியும்போது மெஷின் ஒரு பவர் சொல்லும். கடைகளில் "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை" என்று போர்டு வைத்திருப்பது பெரும்பாலும் இதைத்தான். இந்த எண் ஒரு தொடக்கம், அவ்வளவே.

பவரை முடிவு செய்வது அதற்கப்புறம். கனமான வட்ட ஃபிரேமை மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகச் சொருகி, "இதுல நல்லா இருக்கா, இல்ல இதுலயா?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில் நிறைய பேர் பரீட்சை எழுதுகிற மாதிரிப் பயந்து, சரியான விடையைத் தேடுகிறார்கள். அப்படி ஒரு விடை கிடையாது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லுங்கள், அதுவே அவர்களுக்கு வேண்டிய தகவல். அவசரம் வேண்டாம், "இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்கலாம். கிட்டப் பார்வைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எழுத்து அடர் கறுப்பாக, ஆனால் சின்னதாகத் தெரிந்தால் அது தெளிவு இல்லை, பவர் கூடிவிட்டது என்று அர்த்தம். "கறுப்பா இருக்கு, ஆனா சின்னதாயிடுச்சு" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.

40-ஐத் தாண்டியவர்களுக்கு சாளேஸ்வரம் வந்திருக்கும். வெள்ளெழுத்து என்பதும் அதுதான். கிட்டே படிக்கும் அட்டையைக் கொடுப்பார்கள். நான் அட்டையோடு, ஒரு துண்டு கறுப்புத் துணியும் கறுப்பு நூலும் கொண்டுபோய் அந்த ஃபிரேமோடேயே ஊசியில் கோர்த்துப் பார்ப்பேன். அட்டையில் தெரிந்த பவர் கறுப்பில் கறுப்புக்குப் போதாமல் போனதுண்டு. முடிவான பவரைப் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்தும் பாருங்கள். தரை சாய்ந்தால் சொல்லுங்கள்.

டார்ச் அடித்துக் கண்பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பதும், பேனா நுனியைக் கண்ணால் தொடரச் சொல்வதும், வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைப் படிக்கச் சொல்வதும் இரண்டு மூன்று நிமிட வேலை.

அழுத்தமும் ஃபீல்ட் டெஸ்டும்

கண்ணாடிக் கடையில் அப்பாவுக்கு நடக்காதது இங்கேதான் தொடங்குகிறது. கண்ணுக்குள் ஒரு நீர் ஊறி வடிந்துகொண்டே இருக்கும். வடிவது தடைப்பட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சிறுகச் சிறுகப் பட்டுப்போகும். அழுத்தத்தை இரண்டு விதமாக அளப்பார்கள். ஒன்று, கண்ணில் 'புஸ்' என்று காற்று அடிக்கும் மெஷின். தூக்கிவாரிப் போடும், வலிக்காது. இன்னொன்று, மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சின்ன முனையைக் கருவிழியில் மெல்லத் தொட வைத்து அளப்பது. சந்தேகம் இருந்தால் இதைத்தான் நம்புவார்கள். மூச்சை அடக்காதீர்கள், இமையை இறுக்காதீர்கள். கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள், அதுவே எண்ணைக் கூட்டிக்காட்டும்.

கண் அழுத்தம் 10 முதல் 21 வரை (மி.மீ. பாதரச அளவில்) பொதுவாக இயல்பு என்பார்கள். ஆனால் 16 இருந்தும் நரம்பு கெட்டவர்கள் உண்டு, 23 இருந்தும் கெடாதவர்கள் உண்டு. கருவிழி தடிமனாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், மெல்லியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். அதனால் அதன் தடிமனையும் அளப்பார்கள். உங்கள் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் சொல்லுவார்கள்.

ஸ்லிட் லாம்ப் என்கிற நுண்ணோக்கியில் தாடையை வைத்து நெற்றியை ஒட்டச் சொல்வார்கள். மெல்லிய கோடு மாதிரி வெளிச்சம் கண்ணைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும். இமை, கருவிழி, கண்புரை எல்லாம் அதில் தெரியும். நீர் வடியும் கோணம் குறுகலாக இருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுவார்கள். குறுகலான கண்ணில் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் அழுத்தம் திடீரென்று ஏறலாம். அதனால்தான் சொட்டுக்கு முன் இந்தச் சோதனை. "டாக்டர் பாக்கல, சொட்டு மட்டும் விட்டுட்டாங்க" என்கிற நிலை வந்தால் வாய் திறந்து கேளுங்கள்.

க்ளாக்கோமா சந்தேகம் இருந்தால், சுற்றுப்பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஃபீல்ட் டெஸ்ட் எழுதுவார்கள். பெரும்பாலும் இதுவும் சொட்டுக்கு முன்பு, இல்லாவிட்டால் வேறொரு நாள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் தடவை நான் பொட்டைத் தேடித் தேடிக் கண்ணை ஓட்டினேன், ரிப்போர்ட் நம்ப முடியாததாக வந்தது. தேடக் கூடாது, நடுவையே பார்க்க வேண்டும். பல பொட்டுகள் தெரியாது, தெரியக் கூடாத அளவுக்கு மங்கலாகவும் காட்டித்தான் மெஷின் எல்லையைக் கண்டுபிடிக்கிறது. ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லையே என்று பதறி, சும்மா அழுத்தாதீர்கள். அழுத்தும்போது இமைத்துக்கொள்ளலாம். களைப்பாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் நிறுத்துவார்கள்.

அப்பாவின் ஃபீல்ட் ரிப்போர்ட்டை அன்றைக்குப் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் தவிர வட்டம் முழுக்கக் கறுப்பு, கீழ்ப்பக்கமும். டம்ளரும் வாசல்படியும் அந்தக் கறுப்புக்குள்தான் இருந்தன. அவருக்கோ அங்கே எதுவும் கறுப்பாகத் தெரியவில்லை. போன இடத்தை மூளை தானாக இட்டு நிரப்பிவிடும், அதனால் போனதே தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் டம்ளர் விழுந்த முதல் நாளே அழைத்துப் போயிருப்பேன்.

சொட்டு விட்டபிறகு

நர்ஸ் கீழிமையை இழுத்துச் சொட்டு விடும்போது ஒரு நிமிடம் எரியும். கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம், சிலருக்கு இரண்டு மூன்று தடவை விட வேண்டிவரும். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் சொட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், சில சொட்டுகளில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து இருக்கிறது. குழந்தைகளுக்கு விடுவது இன்னும் பலமான மருந்து, அதில் சிலவற்றின் மங்கல் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் அழைத்துப் போகாதீர்கள்.

பெரிய கண்பாப்பாவோடு உள்ளே போனால், டாக்டர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்து விழித்திரையைப் பார்ப்பார். "மேலே பாருங்க, வலது தோளைப் பாருங்க, கீழே பாருங்க." வெளிச்சம் கூசும், கண்ணீர் வரும், வலி இல்லை. உடம்பில் ரத்தக் குழாயையும் நரம்பையும் எதையும் வெட்டாமல் நேராகப் பார்க்க முடிகிற இடம் இது ஒன்றுதான். சர்க்கரையின் கசிவும், ரத்த அழுத்தத்தின் தடமும், பார்வை நரம்பின் நடுக்குழி பெரிதாவதும் இங்கே தெரிந்துவிடும். தேவைப்பட்டால் விழித்திரையைப் படம் எடுப்பார்கள், அதன் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். இரண்டும் சில நிமிடம்தான்.

முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: நரம்பு எப்படி இருக்கிறது, விழித்திரை எப்படி இருக்கிறது, அடுத்து எப்போது வர வேண்டும். நான் சீட்டில் இதை எழுதிக்கொண்டே போவேன். சொட்டு விட்ட கண்ணால் படிக்க முடியாததால் தம்பியிடம் கொடுத்துவிடுவேன்.

வெளியே வந்தால் எழும்பூர் வெயில் முகத்தில் அறையும். கூலிங் கிளாஸோ குடையோ வேண்டும். கிட்டே இருப்பது நான்கு முதல் ஆறு மணி நேரம் மங்கலாகத் தெரியும். அன்று நான் கடையைத் திறப்பதில்லை, ஊசியும் கத்தரியும் தொடுவதில்லை. பவர் சீட்டு உங்களுடையது, எந்தக் கடையிலும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வந்த கண்ணாடியின் பவரைச் சீட்டோடு ஒப்பிட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள்.

திடீரென்று மின்னல் வெட்டுவது மாதிரி தெரிந்தாலோ, கறுப்புப் பூச்சிகள் கூட்டமாகப் பறந்தாலோ, திரை இறங்குவது மாதிரி இருந்தாலோ, கண் சிவந்து கடும் வலியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ அப்பாயின்ட்மென்ட் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள்.

என் தம்பிக்கு 46 வயதில் அழுத்தம் 26 என்று வந்தது. நரம்பில் லேசான மாற்றம், ஃபீல்ட் முழுதாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறான். போன மாதமும் இரண்டு பேரும் போய்வந்தோம். அவன் வட்டம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. எல்லா ரிப்போர்ட்டையும் வருட வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் முதல் தாள் அப்பாவுடையது.